லெகோவில் இடைக்கால நகரத்து வீடு கட்டுவது எப்படி?

என் முதல் வீட்டைக் கட்டி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். தீப்பெட்டிக்குக் கூரை போட்டது மாதிரி இருந்தது. வெள்ளைச் சுவர் இருந்தது, பழுப்புச் சட்டங்கள் இருந்தன, சிவப்புக் கூரையும் இருந்தது. ஆனாலும் பொம்மைப் பெட்டியாகத்தான் தெரிந்தது. அன்று இரவு மேஜை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தபோதுதான் காரணம் பிடிபட்டது. சுவரில் எங்கேயும் நிழல் இல்லை. எல்லாத் துண்டுகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் நிழல் எங்கிருந்து விழும்?

அதற்குப் பிறகு கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த விளக்குச் சோதனை உண்டு. கீழே சொல்லும் முறைகள் பலவும் சுவரில் நிழல் விழ வைப்பதற்கானவைதான். இவற்றை லெகோ கட்டைகளின் அளவை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நிஜ வீட்டைப் பாருங்கள்

கட்டையைத் தொடுவதற்கு முன் அரை மணி நேரம் படங்கள் பாருங்கள். ஜெர்மனியில் ரோதன்பர்க், குவெட்லின்பர்க், இங்கிலாந்தில் யார்க் நகரத்து ஷாம்பிள்ஸ் தெரு, இந்த மூன்றும் போதும். குவெட்லின்பர்க்கின் பழைய நகரம் 1994-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மரச்சட்ட வீடுகள் மட்டும் அங்கே ஆயிரத்துக்கும் மேல். ஷாம்பிள்ஸ் ஒரு காலத்தில் கசாப்புக் கடைத் தெரு. இறைச்சி மாட்டிய கொக்கிகளையும் கடைமுன் அகலப் பலகைகளையும் இன்றும் அங்கே பார்க்கலாம். நாம் இடைக்காலத்து வீடு என்று ரசிக்கும் பலவும் உண்மையில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் கட்டியவை. நம் வேலைக்கு அது ஒரு பொருட்டில்லை.

படங்களில் கவனிக்க வேண்டியது அந்த வீடு எப்படி நிற்கிறது என்பதை. தரைத்தளம் பல இடங்களில் கல். அதற்கு மேல் மரச்சட்டம். சட்டங்களுக்கு இடையே குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பிய சுவர். மாடி, தரைத்தளத்தைவிடத் தெருப்பக்கம் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். மாடித் தளத்தைத் தாங்கும் விட்டங்கள் கீழ்ச்சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். மேல்சுவர் அந்த முனைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். மழையும் பனியும் தங்காமல் வழிய வேண்டுமே, அதனால் கூரை செங்குத்தாக இருக்கும். சட்டம் எதற்கு, சட்டங்களுக்கு நடுவே சாய்வாகப் போகும் சாய்கட்டை எதற்கு என்று தெரிந்துவிட்டால் எதை எங்கே வைப்பது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

கொஞ்சம் கணக்கு

கட்டையின் மேல் இருக்கும் அடுத்தடுத்த குமிழ்களின் மையங்களுக்கு இடையே 8 மி.மீ. ஒரு கட்டையின் உயரம், குமிழைச் சேர்க்காமல், 9.6 மி.மீ. தட்டையான பிளேட் 3.2 மி.மீ.; மூன்று பிளேட் அடுக்கினால் ஒரு கட்டை. குமிழ் இல்லாமல் வழவழப்பாக இருப்பது டைல். அதன் உயரமும் 3.2 தான்.

இதிலிருந்து இரண்டு சமன்பாடுகளை மனப்பாடமே செய்துவிடுங்கள். 5 பிளேட் உயரம் என்பது 2 குமிழ் அகலம், அதாவது 16 மி.மீ. 5 கட்டை உயரம் என்பது 6 குமிழ் அகலம், அதாவது 48 மி.மீ. இரண்டாவது சமன்பாடு நம் மாடியின் உயரத்தையே முடிவு செய்யப்போகிறது. லெகோ மனிதனின் உயரம் ஏறக்குறைய 4 செ.மீ. என்பதால் 5 கட்டை உயரமுள்ள அறை அவனுக்குக் கொஞ்சம் தாழ்வுதான். அந்தக் காலத்து அறைகளும் தாழ்வானவைதான்.

அப்புறம் ஜம்பர். இரண்டு குமிழ் நீளமுள்ள பிளேட்டில் நடுவே ஒரே ஒரு குமிழ் மட்டும் இருக்கும். அதன் மேல் வைப்பது எல்லாம் அரைக் குமிழ், அதாவது 4 மி.மீ., நகர்ந்து உட்காரும். இந்த 4 மி.மீ.தான் என் முதல் வீட்டில் இல்லாமல் போனது.

என்னென்ன வேண்டும்

பெரிய பட்டியல் தேவையில்லை. சாம்பல் நிறக் கட்டைகள், முகப்பில் செங்கல் கோடு போட்ட கட்டைகள் கொஞ்சம், வெள்ளை அல்லது மணல் நிறத்தில் சுவருக்கானவை, பழுப்பில் பிளேட்டும் டைலும் ஜம்பரும், பக்கவாட்டில் குமிழ் உள்ள ஒற்றைக் கட்டைகள் ஒரு கைப்பிடி, கூரைக்குச் சிறு சாய்வுத் துண்டுகள், சில கீல்கள்.

நிறத்தில் கஞ்சனாக இருங்கள். ஒரு வீட்டுக்கு நான்கு, மிஞ்சினால் ஐந்து நிறம். கறுப்புச் சட்டமும் வெள்ளைச் சுவருமாக வைக்கலாமே என்று தோன்றும். இங்கிலாந்தில் அந்தக் கறுப்பு வெள்ளை மோகம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. பழைய மரம் வண்ணம் பூசாமல் வெளிறியோ சுண்ணாம்பு பூசியோதான் பல வீடுகளில் இருந்தது. கரும்பழுப்புச் சட்டமும் மணல் நிறச் சுவரும் சேர்ந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

பழைய கட்டைகள் பெட்டியில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அந்தப் பொருத்து முறை இன்னும் மாறவில்லை, இன்றைய கட்டையோடு சேரும். லெகோவின் சாம்பல் நிறம் 2004 வாக்கில் மாறியது. பழையது லேசாக மஞ்சள் சாயல், புதியது நீலச் சாயல். விண்கலம் கட்டுகிறவர்களுக்கு இது தலைவலி. கல் சுவர் கட்டுகிற நமக்கோ வரப்பிரசாதம், இரண்டையும் கலந்து வையுங்கள்.

அடித்தளம், தரைத்தளம்

பெரிய மெல்லிய பேஸ்பிளேட்டில் நேரடியாகக் கட்ட வேண்டாம். அது வளையும். ஒருமுறை கட்டிய வீட்டை அப்படியே தூக்கி அடுத்த அறைக்குக் கொண்டுபோனேன்; வாசற்படி தாண்டுவதற்குள் முன்சுவர் பிடியை விட்டுக் கழன்று காலடியில் விழுந்தது. பிளேட்டுகளை இரண்டு அடுக்காக, மேல் அடுக்கின் இணைப்புகள் கீழ் அடுக்கின் இணைப்புகளின் மேல் வராதபடி போடுங்கள். அது பலகை மாதிரி விறைப்பாக நிற்கும்.

முதல் வீட்டுக்கு 10 குமிழ் முகப்பு, 12 குமிழ் ஆழம் வைத்துக்கொள்வோம். குறுகலாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். அந்த நகரங்களில் தெருப்பக்க முகப்பு குறுகலாகவும் வீடு பின்னோக்கி நீளமாகவும் இருப்பதுதான் வழக்கம்.

தரைத்தளச் சுவரை 5 கட்டை உயரத்துக்குச் சாம்பலில் எழுப்புங்கள். கோடு போட்ட கட்டைகளை எல்லா இடத்திலும் வைத்தால் அது குளியலறைச் சுவர் மாதிரி ஆகிவிடும். நாலைந்து கட்டைக்கு ஒன்று, அதுவும் கொத்தாக, மூலையிலும் வாசல் அருகிலும் வையுங்கள். இரண்டு மூன்று இடத்தில் பக்கக் குமிழ் கட்டை வைத்து அதன் மேல் ஒரு சின்ன டைலை ஒட்டினால் கல் ஒன்று புடைத்து நிற்கும். கதவை ஒரு குமிழ் உள்ளே தள்ளி வையுங்கள். வாசலின் மேல் ஒரு பழுப்பு விட்டம். தரைத்தளத்துக்கு இது போதும்; மனசும் துண்டும் மாடிக்கு மிச்சம் வேண்டும்.

துருத்தும் மாடி

கீழ்ச்சுவரின் மேல் பழுப்பு பிளேட்டால் மாடித் தளம் போடுங்கள், முன்பக்கம் ஒரு குமிழ் வெளியே நீளும்படி. இப்போது மாடியின் ஆழம் 13. ஒரு குமிழ் எட்டே மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். விளக்கைச் சாய்த்துப் பாருங்கள், தரைத்தளத்தின் தலையில் நீளமாக ஒரு நிழல் கோடு விழும். இரண்டு குமிழ் நீட்டினால் இன்னும் கம்பீரம், ஆனால் முதல் வீட்டுக்கு ஒன்றே போதும்.

நீண்ட தளத்தின் அடியில் வெறும் பிளேட்டின் அடிப்பக்கம் பல் இளித்துக்கொண்டு தெரியும். அங்கேதான் விட்ட முனைகள் வர வேண்டும். இரண்டு குமிழுக்கு ஒன்றாக, பழுப்பு நிற ஒற்றைப் பிளேட்டுகளைத் தளத்தின் அடியில் தொங்கவிடுங்கள். இரண்டு மூலைகளிலும் தலைகீழ்ச் சாய்வுத் துண்டு ஒன்று, தாங்கு கட்டையாக. விட்ட முனைகளை எண்ணிக்கையில் குறைக்காதீர்கள். அவை இல்லாத மாடி காற்றில் மிதப்பதுபோல் இருக்கும்.

மாடியைக் கழற்றி எடுக்க வேண்டுமானால் கீழ்ச்சுவரின் உச்சியில் டைல் பரப்பி, நான்கு மூலைகளில் மட்டும் குமிழை விட்டுவையுங்கள்.

மரச்சட்டச் சுவர்

இங்கே அவசரப்படாதீர்கள். மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே பழுப்புக் கட்டைகளை அதே மட்டத்தில் அடுக்குவது. என் தீப்பெட்டி வீடு இப்படித்தான் உருவானது. பக்கச்சுவர், பின்சுவருக்குப் பரவாயில்லை.

இரண்டாவது, ஜம்பர் வழி. முகப்புக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தளத்தின் முன் விளிம்பில் பழுப்பு நிற ஒற்றைக் கட்டைகளை ஐந்தைந்தாக அடுக்கித் தூண்கள் நிறுத்துங்கள், மூன்று குமிழுக்கு ஒன்றாக. தூண்களுக்கு நடுவே பழுப்பு ஜம்பர்களைத் தெருவிலிருந்து உள்நோக்கி நீளவாக்கில் பக்கம் பக்கமாக வையுங்கள். அவற்றின் மேல் நான்கு வரிசை வெள்ளைக் கட்டை, அதன்மேல் ஒரு வரிசை பிளேட், கடைசியில் ஒரு வரிசை டைல். கூட்டிப் பாருங்கள்: 1, 12, 1, 1, மொத்தம் 15 பிளேட், அதாவது சரியாக 5 கட்டை. தூணின் உயரமும் அதுவே. உச்சியில் டைல் இருப்பதால் குறுக்கே உத்தரம் தடையில்லாமல் தூண்களின் மேல் படுக்கும்.

இப்போது கிட்டப்போய்ப் பாருங்கள். வெள்ளைச் சுவர் தூண்களைவிட 4 மி.மீ. உள்ளே போயிருக்கும். கீழே இருக்கும் பழுப்பு ஜம்பரின் முன்விளிம்பு மட்டும் தூண்களோடு ஒரே மட்டத்தில் நிற்கும், அடிச்சட்டம் மாதிரி. அதைத் தனியாகச் செய்யவே இல்லை, தானாக வந்த சட்டம் அது. முதல்முறை இதைக் கவனித்தபோது சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன்.

மூன்றாவது வழியில் சுவரைப் படுக்கவைத்துக் கட்டி, பிறகு நிமிர்த்தி ஒட்டுகிறோம். சாய்கட்டை வேண்டுமானால் இதுதான் வழி. 10 குமிழ் அகலம், 6 குமிழ் உயரத்துக்குப் பிளேட்டுகளைச் சேர்த்து ஒரு பலகை செய்யுங்கள். அந்த 6 குமிழ் உயரம்தான் நம் 5 கட்டை மாடி. இதைப் பிடிக்கும் உள்சுவரை முன் விளிம்பிலிருந்து ஒரு குமிழ் உள்ளே தள்ளிக் கட்டுங்கள். அதன் ஐந்தாவது வரிசையில், அதாவது உச்சி வரிசையில், பக்கக் குமிழ் கட்டைகளை வையுங்கள். அந்தக் குமிழில் மாட்டினால் பலகையின் மேல் விளிம்பு சுவரின் உச்சியோடும் கீழ் விளிம்பு தளத்தோடும் கச்சிதமாகச் சேரும். கீழேயும் ஒரு வரிசை பக்கக் குமிழ் வைத்தால் இன்னும் உறுதியாக இருக்குமே என்று முயலாதீர்கள். அங்கே அளவு பொருந்தாது.

பலகை முழுவதும் வெள்ளை டைல் பரப்புங்கள். இரண்டு ஓரங்களிலும், சாய்கட்டை மாட்டும் இரண்டு இடங்களிலும் மட்டும் டைலுக்குப் பதில் பிளேட் வையுங்கள். ஓரங்களில் பழுப்பு டைலை நெட்டாக ஒட்டினால் தூண். சாய்கட்டைக்கு அந்த இரண்டு குமிழ்களுக்கும் இடையே பக்கவாட்டில் 4, உயரத்தில் 3 தூரம் இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ்தான்: 3, 4 என்றால் சாய்வு 5. ஆறு குமிழ் நீளமுள்ள டைலின் முதல் குமிழ் இடத்தின் மையத்துக்கும் கடைசிக் குமிழ் இடத்தின் மையத்துக்கும் நடுவே இருப்பதும் அதே 5. எனவே அது சாய்வாக, எந்த அழுத்தமும் இல்லாமல், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். தூணுக்கும் சாய்கட்டை மாட்டும் குமிழுக்கும் இடையே ஒரு குமிழ் இடம் காலியாக விடுங்கள். டைலின் முனை சாய்ந்திருப்பதால் பக்கத்துக் கட்டத்துக்குள் லேசாக நுழையும்.

பிளேட், டைல், சட்டம் மூன்றும் சேர்ந்து 9.6 மி.மீ. வருவதால் சட்டம் தளத்தின் விளிம்பைத் தாண்டி 1.6 மி.மீ. துருத்தும். திருத்த முயலாதீர்கள், நமக்கு வேண்டிய நிழல் அதுவேதான்.

சாய்கட்டையை ஆசைக்கு எல்லாக் கட்டத்திலும் போட்டுவிட வேண்டாம். நிஜ வீட்டில் சட்டம் பக்கவாட்டில் சரியாமல் இருக்கத்தான் அது இருக்கிறது. மூலைத் தூண்களுக்குப் பக்கத்தில்தான் அதற்கு வேலை. ஜெர்மனியில் ஒரு தூணின் இரு பக்கமும் மேலும் கீழும் சாய்கட்டைகள் வந்து, கைகால் விரித்த ஆள் நிற்பதுபோல் தெரியும் அமைப்பு ஒன்று உண்டு. அதைக் காட்டு மனிதன் என்றே அழைப்பார்கள். இரண்டாவது வீட்டில் முயன்று பாருங்கள்.

ஜன்னல்

சின்னதாக இருக்கட்டும். கண்ணாடி விலை உயர்ந்த காலம் அது. சிறு சில்லுகளாகத்தான் பதித்தார்கள். சாய்சதுரக் கட்ட வலை போட்ட ஜன்னல் துண்டு கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஹெட்லைட் கட்டை என்று சொல்லும் ஒற்றைக் கட்டையைத் திருப்பி வையுங்கள். அதன் முதுகில் ஒரு சதுர ஓட்டை இருக்கும். நான்கைச் சேர்த்தால் நான்கு கண் ஜன்னல் தயார். இரண்டு பக்கமும் கிளிப்பில் மாட்டிய கதவுகள், அதில் ஒன்று பாதி திறந்து.

கூரை

45 டிகிரி சாய்வுக் கட்டைகளை அடுக்கிக் கூரை போடலாம்தான். ஆனால் அது இந்த வீட்டுக்குப் படுத்துப்போன கூரையாகத் தெரியும். 60 டிகிரி வேண்டும். அதற்குக் கோணமானி தேவையில்லை. இரண்டு கூரைப் பலகைகளும் வீட்டின் அகலத்துக்குச் சமமான நீளம் இருந்தால் சமபக்க முக்கோணம் வந்துவிடும், கோணம் தானாக 60. நம் வீடு 10 குமிழ் என்பதால் ஒவ்வொரு பலகையும் சரிவுவாக்கில் 10, இறவாணத்துக்கு 1, ஆக 11. முகட்டுவாக்கில் மாடி 13, முன்னால் தள்ளி நிற்க 1, ஆக 14. முகடு சுவரிலிருந்து ஏறக்குறைய 7 கட்டை உயரத்தில் வரும்.

முன்பக்கத்து முக்கோணச் சுவரை, அதாவது கோம்பையை, படிப்படியாக உள்ளே இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு 3 கட்டை உயரத்துக்கும் இரு பக்கமும் 2 குமிழ் உள்ளே. பிளேட்டில் கணக்கு வைத்தால் 4 பிளேட்டுக்கு ஒரு குமிழ், அடுத்த 5 பிளேட்டுக்கு ஒரு குமிழ். படி படியாகத் தெரிகிறதே என்று கவலை வேண்டாம், கூரை அதைத் தாண்டி நீண்டு மறைத்துவிடும்.

இரண்டு பலகைகளையும் முகட்டில் கீலால் சேர்த்தால் கூடாரம் மாதிரி ஆகும். அதைச் சுவரின் மேல் கவிழ்த்து வைத்தால் போதும், ஒட்ட வேண்டியதில்லை. விரிந்து சரியாமல் இருக்க, பலகையின் அடியில் சுவரின் உள்பக்கத்தை ஒட்டி ஒரு நீளக் கட்டையைத் தொங்கவிடுங்கள். உள்ளே எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் கூடாரத்தைத் தூக்கினால் சரி.

ஓட்டுக்கு வெறும் டைலைப் பரப்பினால் மறுபடியும் நிழல் இல்லாத கதைதான். இரண்டு குமிழ் அகலமுள்ள தட்டைச் சாய்வுத் துண்டுகளை, தடித்த விளிம்பு கீழே இறவாணத்தைப் பார்க்கும்படி வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு வரிசையின் தடித்த விளிம்பும் கீழ் வரிசையின் மெல்லிய தலைக்கு மேல் நிற்கும், ஓட்டின் மேல் ஓடு படிந்தது மாதிரி. ஒரு பலகைக்கு 11 வரிசை, வரிசைக்கு 7 துண்டு, 77. இரண்டு பக்கத்துக்கும் 154. அத்தனை இல்லையென்றால் தெருவிலிருந்து தெரியும் சரிவுக்கு மட்டும் போட்டு, மறுபக்கச் சரிவுக்கு டைல் வைத்துக்கொள்ளுங்கள். கருஞ்சிவப்புக்கு நடுவே பத்தில் ஒன்று செம்பழுப்பாக இருக்கட்டும். ஓட்டைக் கோணலாக வைத்துப் பழமை காட்டுகிறேன் என்று இறங்கினால் இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் புயல் அடித்த வீடாகிவிடும்.

கணினியில் வரைந்து பார்க்க விரும்பினால் லெகோ துண்டுகள் விற்கும் இணையச் சந்தையான பிரிக்லிங்கின் ஸ்டுடியோ மென்பொருள் இலவசம். ஒரு துண்டு நமக்கு வேண்டிய நிறத்தில் கிடைக்குமா என்று தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் திரையில் உறுதியாக நிற்கும் சுவர் கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரலாம். எனக்கு இப்போதும் ஒரு கட்டத்தை முதலில் கையால் கட்டிப் பார்த்தால்தான் நம்பிக்கை வருகிறது.

இரண்டாவது வீடு

தெருவாக வைக்கும்போது முகப்புகளை ஒரே கோட்டில் நிறுத்தாதீர்கள். ஒன்றை ஜம்பர் மேல் வைத்து அரைக் குமிழ் முன்னே தள்ளுங்கள். அடுத்ததற்கு ஒரு மாடி கூடுதல். இன்னொன்றின் முகடு தெருவுக்கு இணையாகப் போகட்டும். தெருவின் அகலம் 6 முதல் 8 குமிழ் போதும். எதிரெதிர் மாடிகள் துருத்தி வந்து மேலே வானம் ஒரு கீற்றாகத் தெரிய வேண்டும்.

இரண்டு வீடுகள் ஒட்டி நிற்கும் இடத்தில் பக்கச்சுவர் யார் கண்ணிலும் படாது. அங்கே நல்ல நிறங்களைச் செலவழிக்க வேண்டாம். என் மேஜையில் நிற்கும் தெருவில் பேக்கரிக்கும் கொல்லன் பட்டறைக்கும் நடுவே உள்ள சுவர் இரண்டும் இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கையில் அகப்பட்டதை எல்லாம் போட்டுக் கட்டியவை.